மேடைப் பேச்சும் படவில்லையும்

(கல்விக் கழக வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் ஓலைக் கொட்டகையில், இரவுப் பாடசாலையாகத் தொடங்கிய இக்கழகம், இன்று நூற்றுக்கணக்கான பட்டதாரிகளைத் தன் பிள்ளைகள் என்று சொல்லிக்கொள்ளும் நிலைக்கு உயர்ந்திருக்கிறது. இத்தகைய நன்னாளில் உரையாற்ற என்னை அழைத்த செயலாளர் அவர்கள், அழைப்புக் கடிதத்தின் அடியில் ஒரு குறிப்பும் சேர்த்திருந்தார். மண்டபத்தில் திரையும் ஒளிவீழ்த்தியும் ஆயத்தமாக இருக்கும். தங்கள் படவில்லைகளை முன்கூட்டியே அனுப்பி வைத்தால் நலம் என்பது அக்குறிப்பு. அவருடைய அன்புக்கு என் நன்றி. ஆயினும் நான் வெறுங்கையுடன் வந்திருக்கிறேன். ஏன் அவ்வாறு வந்தேன் என்பதை விளக்குவதே இன்றைய உரையின் பொருள்.

நண்பர்களே! படங்காட்டிப் பேசுவது புதிய வழக்கம் அன்று. கண்ணாடித் தகட்டில் வரைந்த ஓவியத்தை விளக்கொளியால் சுவரில் பெரிதாக்கிக் காட்டும் மாயவிளக்கு 17ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவில் தோன்றிவிட்டது. பின்னர் 35 மில்லிமீட்டர் படச்சுருளில் எடுத்த படவில்லைகள் வந்தன. ஒளி ஊடுருவும் தாளில் மையால் எழுதித் திரையில் வீழ்த்தும் கருவி வகுப்பறைகளுக்கு வந்தது. இவற்றை ஆயத்தம் செய்யப் பொருளும் வேண்டும், நாளும் வேண்டும். ஆதலின், பேசுவோர் ஒவ்வொரு படத்தையும் ‘இது வேண்டுமா, வேண்டாமா’ என எண்ணிப் பார்த்தே சேர்த்தனர்.

1987ஆம் ஆண்டில் அந்த நிலை மாறத் தொடங்கியது. அமெரிக்காவில் ஃபோர்தாட் என்னும் சிறு நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் காஸ்கின்ஸ், டென்னிஸ் ஆஸ்டின் ஆகியோர் உருவாக்கிய பவர்பாயிண்ட் என்னும் மென்பொருள், மாக்கின்டாஷ் கணினிக்காக அவ்வாண்டில் வெளிவந்தது. அதே ஆண்டில் மைக்ரோசாப்ட் நிறுவனம் 1 கோடியே 40 லட்சம் டாலர் கொடுத்து அந்நிறுவனத்தை வாங்கிற்று. 1990இல் விண்டோஸ் கணினிகளுக்கும் பவர்பாயிண்ட் வந்தது. அதன் பின்னர் உலகில் அது நுழையாத அலுவலகமும் இல்லை, கல்லூரியும் இல்லை. படவில்லைக்கு ஆகும் செலவு ஒழிந்தது. அச்செலவோடு, எண்ணிப் பார்க்கும் வழக்கமும் ஒழிந்தது என்பதுதான் என் வருத்தம்.

இக்கருவி ஒரு வார்ப்பையும் தன்னோடு கொண்டுவந்தது. மேலே ஒரு தலைப்பு. அதன் கீழே புள்ளியிட்ட சில வரிகள். ஒவ்வொரு வரியிலும் நான்கைந்து சொற்கள். எந்தப் பொருளைப் பற்றிப் பேசினாலும் இந்த வார்ப்புக்குள் ஊற்றிவிடலாம். பயிர்ப் பாதுகாப்பும் அதில் அடங்கும்; பக்தி இலக்கியமும் அதில் அடங்கும். ஆனால் புள்ளி வரியில் அடங்காதவை சில உண்டு. ‘ஏனெனில்’ என்பது அடங்காது. ‘ஆனால்’ என்பது அடங்காது. ‘அவ்வாறு இருந்தால் மட்டும்’ என்பது அடங்காது. ஒரு கருத்துக்கும் மற்றொரு கருத்துக்கும் உள்ள உறவைச் சொல்லும் இச்சொற்களே சிந்தனையின் எலும்புகள். எலும்பை நீக்கிய பின் எஞ்சுவது சதைக் குவியலேயன்றி உடல் ஆகாது.

இது வெறும் இலக்கணக் குறை என்று எண்ணிவிட வேண்டா. இக்குறை எத்தகைய இடத்திற்கு இட்டுச் செல்லும் என்பதற்கு, உலகறிந்த ஒரு துயர நிகழ்ச்சியை ஈண்டு எடுத்துக்காட்ட விரும்புகிறேன்.

2003ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள், கொலம்பியா என்னும் விண்வெளி ஓடம் ஏழு பேரைச் சுமந்துகொண்டு அமெரிக்காவிலிருந்து புறப்பட்டது. அரியானா மாநிலத்துக் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா அவ்வெழுவரில் ஒருவர். புறப்பட்ட 82 விநாடிகளுக்குள், எரிபொருள் தொட்டியின் மேற்பூச்சாக இருந்த நுரைப்பொருளின் ஒரு துண்டு பெயர்ந்து, ஓடத்தின் இடது இறக்கையைத் தாக்கிற்று. ஓடம் வானில் சுற்றிக்கொண்டிருந்த நாட்களிலேயே பொறியாளர்கள் இதனைக் கண்டுகொண்டனர். அடி எத்தகையது என்று ஆராய்ந்து, தம் முடிவுகளைப் படவில்லைகளாக அமைத்து, சனவரி 24ஆம் நாள் மேலதிகாரிகளுக்கு எடுத்துரைத்தனர்.

அப்படவில்லைகளுள் ஒன்று பின்னாளில் பெரிதும் பேசப்பட்டது. முந்தைய சோதனைகளை நோக்கும்போது அஞ்சுவதற்கு இடமில்லை என்று தோன்றும்படி அதன் தலைப்பு அமைந்திருந்தது. அதன் கீழே, புள்ளிக்குள் புள்ளியாக, எழுத்துச் சிறுத்துக்கொண்டே செல்லும் பல வரிகள். எல்லாவற்றிற்கும் அடியில், மிகச் சிறிய எழுத்தில், ஒரு செய்தி கிடந்தது. சோதனையில் பயன்படுத்திய நுரைத்துண்டின் அளவு 3 கன அங்குலம். ஓடத்தில் அத்துண்டு பெயர்ந்த பகுதியின் அளவோ 1920 கன அங்குலம்!

தாய்மார்களே! நமக்கு விளங்கும் அளவில் சொல்கிறேன். 3 கன அங்குலம் என்பது அரைக் குவளைத் தேநீர். 1920 கன அங்குலம் என்பது இரண்டு குடம் தண்ணீர். அரைக் குவளையைக் கொண்டு செய்த சோதனையை நம்பி, இரண்டு குடத்தால் விழுந்த அடியைப் பற்றி என்ன சொல்ல முடியும்? ‘எங்களிடம் உள்ள சோதனை இதனினும் 640 மடங்கு சிறியது, ஆகவே எங்களால் எதையும் உறுதியாகச் சொல்ல இயலாது’ என்று ஒரு முழு வாக்கியம் எழுதியிருந்தால், கேட்டவர் திடுக்கிட்டிருப்பர். அந்த ‘ஆகவே’ படவில்லையில் இல்லை. அளவு ஒரு புள்ளியாகவும், ஆறுதல் தலைப்பாகவும் நின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் பொறுப்பு, அவசரத்தில் இருந்த அதிகாரிகளின் கண்களுக்கு விடப்பட்டது.

பிப்ரவரி முதல் நாள், பூமிக்குத் திரும்பும் வழியில், டெக்சாஸ் மாநிலத்து வானில் அவ்வோடம் சிதறிற்று. எழுவரும் மாண்டனர்.

படவில்லைதான் அவர்களைக் கொன்றது என்று நான் சொல்லவில்லை. அவ்வாறு சொல்வது நேர்மையும் ஆகாது. நுரைப்பொருள் பெயர்ந்ததும், ஓடத்தைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று பொறியாளர் விடுத்த வேண்டுகோள் நிறைவேறாமற் போனதும், நிறுவனத்தில் படிந்துபோன மெத்தனமும் காரணங்கள் என்று விசாரணைக் குழு 2003 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. ஆயினும் அதே அறிக்கை, முறையான தொழில்நுட்ப அறிக்கைகளுக்குப் பதிலாகப் படவில்லைகளைக் கைம்மாற்றிக்கொள்ளும் வழக்கத்தையும் தனியே எடுத்துக் கண்டித்திருக்கிறது. தகவல்களை வரைந்து காட்டும் கலையில் வல்லவரான எட்வர்டு டஃப்டி என்னும் பேராசிரியர், அந்த ஒரு படவில்லையை வரிவரியாக ஆராய்ந்து, உயிர்போகும் செய்தி எவ்வாறு அடிவரியில் புதைந்தது என்பதைக் காட்டினார்.

அவையோர்களே! விண்வெளி ஓடத்தின் கதை நமக்கு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். நான் வானத்திலிருந்து நம் ஊருக்கு இறங்கி வருகிறேன். இனிச் சொல்லப்போவது என் சொந்தப் பிழை.

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு கிராமத்துச் சமுதாயக் கூடத்தில், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் கல்வி உதவித்தொகை பற்றி விளக்கும் பணி எனக்குத் தரப்பட்டது. நான் இருபத்திரண்டு படவில்லைகள் ஆயத்தம் செய்துகொண்டு போனேன். வண்ணம் தீட்டியிருந்தேன், அம்புக்குறிகள் இட்டிருந்தேன். விளக்கை அணைக்கச் சொன்னேன். களத்து வேலையிலிருந்து நேரே வந்திருந்த தாய்மார்கள் அந்த இருட்டில் அமர்ந்து சுவரையே நோக்கியிருந்தனர். அவர்களிற் பாதிப் பேருக்கு எழுத்து வராது. நான் திரையைப் பார்த்துப் படித்தேன். அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை. இருட்டில் முகம் தெரியவும் இல்லை.

ஒரு படவில்லையில் ‘தேவையான சான்றுகள்’ என்று தலைப்பிட்டு எட்டு வரிகள் எழுதியிருந்தேன். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், வங்கிக் கணக்குப் புத்தகம் என்று அவை வரிசையாகச் சென்றன. ஆறாவது வரி, ‘விடுதிக் காப்பாளர் சான்று’ என்பது. விடுதியில் தங்கிப் படிப்போருக்கு மட்டுமே அது வேண்டும் என்பதை நான் வாயால் சொன்னேன். ஆனால் அப்போது, முன்வரிசையில் இருந்த ஒரு மாணவி, திரையில் உள்ளதை விரைந்து விரைந்து தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். எழுதும் கைக்கு என் குரல் கேட்கவில்லை. அடுத்த படவில்லை வந்துவிட்டது.

இரண்டு மாதங்கள் கழித்து அம்மாணவியின் தாயார் என்னைத் தேடி வந்தார். “ஐயா, வீட்டிலிருந்தே கல்லூரிக்குப் போய் வருகிற பிள்ளைக்கு எந்த விடுதிக் காப்பாளர் சான்று கொடுப்பார்? நானும் மகளும் நான்கு விடுதிகளுக்கு நடந்துவிட்டோம். எல்லாரும் எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். அந்தச் சான்று இல்லாமல் விண்ணப்பம் போடக்கூடாதென்று மகள் காத்திருந்தாள், நாளும் கடந்துவிட்டது” என்றார். கல்லூரிக் கட்டணத்திற்காகத் தம் காதுத் தோட்டை அடகு வைத்திருந்தார் அந்த அம்மையார். என்மீது ஒரு சொல்லும் குறை சொல்லவில்லை. படித்தவர் சுவரில் எழுதிக் காட்டியது தவறாக இருக்காது, தமக்குத்தான் விளங்கவில்லை என்றே அவர் எண்ணியிருந்தார். அதுதான் என்னை இன்றளவும் சுடுகிறது.

அங்கே ஓர் ‘ஆகவே’ விடுபட்டது. இங்கே ஒரு ‘மட்டும்’ விடுபட்டது. அங்கே இழப்பு ஈடுசெய்ய முடியாதது. இங்கே ஓராண்டு உதவித்தொகையும் ஒரு சோடித் தோடும். அளவில் ஒப்பில்லை என்பதை அறிவேன். ஆனால் பிழையின் வடிவம் ஒன்றே.

அதே ஊருக்கு மறு ஆண்டும் போனேன். ஒளிவீழ்த்தியைக் கொண்டுபோகவில்லை. விளக்கை எரியவிட்டு, நடுவில் ஒரு நாற்காலியில் அமர்ந்தேன். முதல் வரிசையிலிருந்த ஒரு தாயை நோக்கி, ‘உங்கள் பிள்ளை விடுதியிலா, வீட்டிலிருந்தா?’ என்று கேட்டுத் தொடங்கினேன். ஒவ்வொரு குடும்பத்திற்கும் எது வேண்டும், எது வேண்டா என்பது பேச்சிலேயே பிரிந்து வந்தது. இறுதியில், வேண்டிய சான்றுகளை முழு வாக்கியங்களாக எழுதி அச்சிட்ட ஒரு தாளை எல்லாருக்கும் கொடுத்தேன். அம்மாணவி அவ்வாண்டு விண்ணப்பித்து உதவித்தொகை பெற்றாள் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

மனித உள்ளத்தின் இயல்பையும் நாம் அறிந்துகொள்ளல் வேண்டும். ஒருவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டே வேறொன்றைப் படிக்க நம்மால் இயலாது. அமெரிக்க உளவியல் அறிஞர் ரிச்சர்டு மேயர் முதலானோர் மாணவர்களைக் கொண்டு செய்த ஆய்வுகள் பல இதனைக் காட்டியுள்ளன. படத்தைக் காட்டி வாயால் விளக்கும்போது நன்கு கற்றவர்கள், அதே விளக்கத்தைத் திரையில் எழுத்தாகவும் சேர்த்தபோது குறைவாகவே கற்றனர். எழுத்தும் குரலும் உள்ளத்தின் ஒரே வாயிலில் நெருக்கியடித்துக்கொண்டு நுழைய முயல்வதே காரணம். படம் துணை செய்கிறது; படிக்கவேண்டிய எழுத்தோ பேச்சுக்குப் போட்டியாகிறது.

வணிக உலகமும் இதனை உணராமல் இல்லை. அமேசான் நிறுவனத்தின் தலைவராக இருந்த ஜெஃப் பெசோஸ், 2004இல் தம் மூத்த அதிகாரிகளின் கூட்டங்களில் படவில்லைகளை விலக்கினார். அவற்றுக்குப் பதிலாக, முழு வாக்கியங்களில் எழுதிய சில பக்க அறிக்கையைக் கூட்டத்தின் தொடக்கத்தில் அனைவரும் அமைதியாகப் படித்து, அதன் பின்னரே விவாதிக்கும் முறையை ஏற்படுத்தினார். எது முதன்மையானது, எது எதனோடு தொடர்புடையது என்பதை எண்ணாமல் முழு வாக்கியம் எழுத முடியாது என்பது அவர் கருத்து. ஆயிரமாயிரம் கோடிகளை ஆளுவோர் வேண்டா என்று ஒதுக்கியதை, நாம் நாகரிகம் என்று தலையில் சுமக்க வேண்டுமா என்பதை எண்ணிப் பாருங்கள்.

இனி, நம் அனைவர் நெஞ்சிலும் நிறைந்த ஒரு பேருரையைக் கொண்டு இக்கருத்தை விளக்குகிறேன். 1949ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள், அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர் ஆற்றிய உரை அது. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் ஆகிய மூன்றைப் பற்றி அதில் அவர் பேசினார். இன்றைய மாணவர் ஒருவர் இதனைப் படவில்லை ஆக்கினால் எவ்வாறு அமையும்? மூன்று புள்ளிகள், மூன்று சொற்கள், பார்த்தவர் தலையசைத்துவிட்டுப் போவர். ஆனால் அண்ணல் அவர்கள் அங்கே வலியுறுத்தியதே, இம்மூன்றும் தனித்தனிப் பொருள்கள் அல்ல என்பதைத்தான்! சமத்துவம் இல்லாத சுதந்திரம் சிலர் பலரை ஆளும் நிலையில் முடியும். சுதந்திரம் இல்லாத சமத்துவம் தனிமனிதரின் முனைப்பைக் கொல்லும். சகோதரத்துவம் இல்லையேல் ஏனைய இரண்டும் இயல்பாக நிலைத்து வாழா என்று, ஒன்றை மற்றொன்றோடு பிணைத்துப் பிணைத்து அவர் வாதிட்டார். அந்தப் பிணைப்புதான் உரை. புள்ளியிட்டுப் பிரித்தால் சொற்கள் மூன்றும் அப்படியே இருக்கும்; உரை மட்டும் இறந்துபோகும்.

அதற்கும் முன்னர், 1936இல் நிகழ்ந்ததையும் நினைவுகூர்க. இலாகூரில் சாதியை எதிர்த்து இயங்கிய ஓர் அமைப்பு, தன் மாநாட்டிற்குத் தலைமை தாங்க அம்பேத்கர் அவர்களை அழைத்தது. எழுதி அனுப்பிய உரையைக் கண்டதும் சில பகுதிகளை நீக்கும்படி வேண்டிற்று. அவர் மறுத்தார். மாநாடே நடைபெறவில்லை. பேசப்படாத அவ்வுரையை அவர் தம் சொந்தச் செலவில் அச்சிட்டார். அதுவே ‘சாதி ஒழிப்பு’ என்னும் நூல். மேடை மறுக்கப்பட்ட பின்னரும் அவ்வுரை எப்படி வாழ்ந்தது? அது வாக்கியங்களால் ஆனது. பேசுபவர் அருகில் இல்லாதபோதும் தானே நின்று வாதாட வல்லது. நம் படவில்லைகளை மட்டும் எடுத்து ஒருவர் கையில் கொடுத்தால் என்ன விளங்கும்? பேசுபவர் இல்லாமல் அவை ஊமை. அவை இல்லாமல் பேசுபவர் ஊமை. இத்தகைய ஒரு கூட்டுறவால் யாருக்கு என்ன பயன்?

படவில்லையே ஆகாது என்று நான் வாதிட வரவில்லை. சொல்லால் காட்ட முடியாததைக் காட்டுவதற்கு அது அரிய கருவி. நோயுற்ற நுரையீரலின் ஊடுகதிர்ப் படத்தையும், ஆற்றுப்படுகையின் நிலவரைபடத்தையும், பழைய கல்வெட்டின் எழுத்தையும் காட்டாமல் விளக்க இயலாது. சுவீடன் நாட்டு மருத்துவ அறிஞர் ஹான்ஸ் ரோஸ்லிங், 2006இல் அமெரிக்காவில் ஆற்றிய ஓர் உரையில், நாடுகளின் செல்வமும் குழந்தைகளின் நலமும் ஆண்டுக்கு ஆண்டு எவ்வாறு மாறின என்பதை நகரும் வட்டங்களாகத் திரையில் ஓடவிட்டு உலகை வியக்கவைத்தார். அங்கே திரையில் படம் இருந்தது. பொருள் அவர் நாவில் இருந்தது. செவித்திறன் குறைந்தோர் அவையில் இருப்பின், எழுத்தைத் திரையில் காட்டுவது நம் கடமையுமாகும். மிகுதியே பிழை; கருவி பிழையன்று.

மாணவச் செல்வங்களே! உங்களுக்குச் சிறப்பாகச் சில சொற்கள் கூறி முடிக்கிறேன். உங்களிற் பலர் உங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். கருத்தரங்கில் எழுந்து நிற்கும்போது கால் நடுங்கும், நா வறளும். அந்நேரத்தில் திரை ஓர் அடைக்கலமாகத் தோன்றும். எல்லாருடைய கண்களும் திரைக்குப் போகும். நம்மை எவரும் பார்க்கமாட்டார் என்னும் எண்ணம் ஆறுதல் தரும். அந்த ஆறுதலை நம்பாதீர்கள். நம் பாட்டன்மார் பொது மன்றத்தில் வாய் திறக்க உரிமையின்றி நின்றனர். அவ்வுரிமையைப் பெற்றுத் தந்தவர்கள் தம் நாவை நம்பிப் பெற்றுத் தந்தனர். அவ்வாறு கிடைத்த மேடையில் ஏறி, இருட்டில் ஒதுங்கி, சுவருக்கு முகத்தையும் அவைக்கு முதுகையும் காட்டி நிற்பது நமக்கு அழகன்று.

ஆதலின், பேசப் புகுமுன் உங்கள் உரையை முழு வாக்கியங்களில் எழுதுங்கள். எழுதியதைத் தாயிடமோ தங்கையிடமோ சொல்லிக் காட்டுங்கள்; அவர்களுக்கு விளங்காத இடம் உங்களுக்கும் விளங்காத இடம் என்று கொள்ளுங்கள். அதன் பின்னர், ‘மின்சாரம் நின்றுபோனால் என்னால் இதனைப் பேச முடியுமா?’ என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். முடியும் என்று உள்ளம் சொன்னால், வேண்டிய படம் ஒன்றோ இரண்டோ சேர்த்துக்கொள்ளுங்கள். முடியாது என்று சொன்னால், இருபது படவில்லைகளும் உங்களைக் காப்பாற்றா. நினைவில் வைக்கவேண்டிய விவரங்களைத் தாளில் அச்சிட்டுக் கையில் கொடுங்கள். திரை அணைந்தால் எழுத்து மறையும். தாள் வீட்டுக்குப் போகும். எப்போதும் விளக்கை எரியவிட்டுப் பேசுங்கள். கேட்போர் முகத்தில் ஐயம் தோன்றினால், அது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

ஓலைக் கொட்டகையில் இக்கழகம் தொடங்கியபோது அங்கே திரை இல்லை. அரிக்கேன் விளக்கு ஒன்று இருந்தது. அந்த ஒளி ஆசிரியர் முகத்திலும் பிள்ளைகள் முகத்திலும் ஒருசேர விழுந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கற்ற கல்விதான் இவ்விழாவாக இன்று மலர்ந்திருக்கிறது. எத்தனை கருவிகள் வந்தாலும் அந்த ஒளியைக் காத்துக்கொள்ளுங்கள்.